இஸ்ஸே மியாக்கே: துணியிலிருந்து தொடங்கிய ஆடைக்கலை

இஸ்ஸே மியாக்கே (ஏப்ரல் 22, 1938 – ஆகஸ்ட் 5, 2022) ஜப்பானைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர். மரபை மீறிய பரிசோதனைகளால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடைக்கலையின் போக்கை மாற்றியவர்களில் ஒருவர். கொசுவம் போன்ற நுண்மடிப்புகள் கொண்ட ஆடைகளாலும், ஒரே துணியிலிருந்து முழு ஆடையை உருவாக்கும் முறையாலும் அறியப்படுகிறார்.

பரிசோதனை ஆடைகள் பெரும்பாலும் மேடையில் ஒருமுறை தோன்றும். சில காலம் புகைப்படங்களில் வாழும். பிறகு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் சென்றுவிடும். மியாக்கேயின் ஆடைகளும் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. ஆனால் அவற்றில் ஒரு பகுதி சலவை எந்திரத்துக்குள்ளும் பயணப் பெட்டிக்குள்ளும் சென்றது. அவருடைய செல்வாக்கு நீடிப்பதற்கான காரணம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அவர் ஆடையின் தோற்றத்தை மட்டும் மாற்றவில்லை. துணி ஆடையாக மாறும் வேலையின் வரிசையையே மாற்றினார்.

ஹிரோஷிமாவில் இளமை

மியாக்கே ஹிரோஷிமாவில் பிறந்தார். 1945 ஆகஸ்ட் 6 அன்று காலை 8.15 மணிக்கு அந்நகரின் மீது அணுகுண்டு வீசப்பட்டபோது அவருக்கு 7 வயது. அப்போது அவர் பள்ளியில் இருந்தார். கதிர்வீச்சுக்கு உள்ளான அவருடைய தாய் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இறந்தார்.

இந்த அனுபவத்தை மியாக்கே நீண்டகாலம் பொதுவெளியில் பேசவில்லை. அணுகுண்டிலிருந்து தப்பிய வடிவமைப்பாளர் என்ற அடையாளம் தன் வேலையின் மீது ஒட்டிக்கொள்வதை அவர் விரும்பவில்லை. 2009இல் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா அணு ஆயுதமற்ற உலகைப் பற்றி பிராகா நகரில் பேசினார். அதன் பிறகு, அதே ஆண்டு ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் மியாக்கே ஒரு கட்டுரை எழுதினார். அதில் தன் அனுபவத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழிக்கப்படும் பொருள்களைவிட, உருவாக்கக்கூடியவற்றைப் பற்றி, அழகையும் மகிழ்ச்சியையும் தருபவற்றைப் பற்றிச் சிந்திக்க விரும்பியதாலேயே ஆடைத் துறையைத் தேர்ந்தெடுத்ததாக அக்கட்டுரையில் விளக்கினார். ஒபாமா 2016 மே மாதம் ஹிரோஷிமாவுக்குச் சென்றார்.

போருக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட ஹிரோஷிமாவின் அமைதிப் பூங்காவை ஒட்டிய பாலங்களின் கைப்பிடிச் சுவர்களைச் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்திருந்தார். இளைஞரான மியாக்கே அவற்றைக் கடந்து செல்வது வழக்கம். வடிவமைப்பு என்பது மனிதருக்கு நம்பிக்கை தரக்கூடிய ஒன்று என்ற எண்ணம் அப்பாலங்களைப் பார்த்தே தனக்குள் உருவானது என்று பின்னாளில் அவர் கூறினார்.

கல்வியும் பாரிஸ் அனுபவமும்

மியாக்கே டோக்கியோவின் தாமா கலைப் பல்கலைக்கழகத்தில் வரைகலை வடிவமைப்பு பயின்றார். 1960இல் டோக்கியோவில் உலக வடிவமைப்பு மாநாடு நடந்தது. கட்டிடம், தொழிற்பொருள், வரைகலை ஆகியவை விவாதிக்கப்படும் அம்மாநாட்டில் ஆடைக்கு ஏன் இடமில்லை என்று கேட்டு அவர் கடிதம் எழுதினார். அன்று அவர் ஒரு மாணவர். ஆடையைப் பருவத்துக்குப் பருவம் மாறும் நாகரிகமாகப் பார்க்காமல், நாற்காலியையும் வீட்டையும் போல மனிதப் பயன்பாட்டுக்கான வடிவமைப்பாகப் பார்க்கும் பார்வை இக்கடிதத்திலேயே தொடங்கிவிடுகிறது.

1965இல் பாரிஸுக்குச் சென்று அங்குள்ள உயர்தர ஆடைத்தொழில் சங்கத்தின் பள்ளியில் பயிற்சி பெற்றார். தனி வாடிக்கையாளர்களுக்கு அளவெடுத்துக் கையால் தைத்துத் தரும் தொழில் அது. கி லரோஷ், உபேர் த ஜிவான்ஷி ஆகியோரின் நிறுவனங்களில் உதவியாளராகப் பணியாற்றினார். 1968 மே மாதம் பாரிஸ் வீதிகளில் மாணவர்களும் தொழிலாளர்களும் கிளர்ந்தெழுந்தபோது அவர் அந்நகரில் இருந்தார். செல்வம் படைத்த சிலருக்காக ஆடை செய்யும் தொழிலில் தொடர்வதில்லை என்ற முடிவுக்கு வர அந்த நாட்கள் காரணமாயின. ஜீன்ஸும் டி-சட்டையும் போல எவரும் அணியக்கூடியவற்றைச் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பமாயிற்று.

1969இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி பீன் என்ற வடிவமைப்பாளரிடம் சிறிது காலம் வேலை செய்தார். 1970இல் டோக்கியோ திரும்பி மியாக்கே வடிவமைப்புக் கூடத்தை நிறுவினார். 1971இல் நியூயார்க்கிலும் 1973 முதல் பாரிஸிலும் தன் ஆடைகளைக் காட்சிப்படுத்தினார். ரெய் கவாகுபோ, யோஜி யமமோட்டோ ஆகியோர் 1981இல் பாரிஸுக்கு வந்து பெரும் அதிர்வை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கென்சோ தகாதாவுடன் சேர்ந்து, ஜப்பானிய வடிவமைப்பாளர்களுக்கான வழியைத் திறந்தவர் மியாக்கே.

ஒரு துண்டுத் துணி

மேற்கத்திய தையல் உடலிலிருந்து தொடங்குகிறது. முதலில் உடலை அளக்கிறார்கள். அளவுக்கேற்பத் துணியைப் பல துண்டுகளாக வெட்டுகிறார்கள். வளைவுகளுக்காக டக் பிடித்துத் தைக்கிறார்கள். இறுதியில் கிடைப்பது உடலின் வடிவத்தைப் பின்பற்றும் ஒரு கூடு. வளைவாக வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் கழிவாகின்றன.

ஜப்பானின் கிமோனோ இதற்கு நேர்மாறானது. குறுகிய அகலமுள்ள நீண்ட துணிச்சுருளை நேர்க்கோடுகளில் வெட்டி, ஏறக்குறைய முழுத் துணியையும் பயன்படுத்தித் தைப்பது அதன் முறை. அணியாதபோது அது தட்டையாக மடிந்து கிடக்கும். அணிபவரின் உடலும் அசைவும்தான் அதற்கு வடிவம் தருகின்றன. புடவையும் வேட்டியும் இந்த முறையை இன்னும் ஒருபடி மேலே கொண்டுசெல்பவை. அவற்றில் வெட்டலும் இல்லை, தையலும் இல்லை. கட்டும் கைதான் ஆடையை உருவாக்குகிறது.

1970களில் மியாக்கே ‘ஒரு துண்டுத் துணி’ என்ற கருத்தை முன்வைத்தார். துணிக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய குறையாக அவர் பார்க்கவில்லை. காற்றும் அசைவும் புழங்கும் இடமாகப் பார்த்தார். ஆனால் அவர் கிமோனோவை மீட்டெடுக்க முயலவில்லை. கிழக்கின் உடை மேற்கின் உடை என்ற பிரிவுக்கு அப்பாற்பட்ட ஒன்றைத் தேடினார். ஜப்பானிய உழைப்பாளர்களின் உடைகளில் வழங்கிய சாஷிகோ என்ற கெட்டித் தையல் துணியை நவீன மேலங்கிகளுக்குப் பயன்படுத்தினார். துணி வல்லுநர் மக்கிகோ மினகாவா பல ஆண்டுகள் அவருடன் இணைந்து, நெசவாலைகளுடன் சேர்ந்து புதிய துணிகளை உருவாக்கினார்.

இத்தேடலுக்கு இந்தியத் தொடர்பும் உண்டு. 1980களில் அகமதாபாத்தில் ஆஷா சாராபாயுடன் இணைந்து இந்தியக் கைவினைத் துணிகளைக் கொண்டு ஓர் ஆடை வரிசை உருவாக்கப்பட்டது. 2000இல் மினகாவா தலைமையில் தொடங்கப்பட்ட ‘ஹாட்’ என்ற ஆடை வரிசையின் பெயர் கிராமச் சந்தையைக் குறிக்கும் இந்தியச் சொல்லிலிருந்து வந்தது.

உடலைப் பற்றிய பரிசோதனைகள்

1980களின் தொடக்கத்தில் மியாக்கே துணிக்கு வெளியேயும் சென்றார். பெண்ணின் மேலுடலை அச்செடுத்து வார்த்த பிளாஸ்டிக் மார்க்கவசத்தை 1980இல் உருவாக்கினார். மூங்கில் கைவினைஞர் ஒருவருடன் சேர்ந்து பிரம்பாலும் மூங்கிலாலும் பின்னப்பட்ட மேலங்கியைச் செய்தார். சாமுராய் வீரர்களின் கவசத்தை நினைவூட்டும் அந்த ஆடை, 1982 பிப்ரவரியில் ‘ஆர்ட்ஃபோரம்’ என்ற அமெரிக்கக் கலை இதழின் அட்டையில் வெளியானது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய அட்டையில் ஆடை இடம்பெற்றது அன்று புதுமை. 1983இல் டோக்கியோவில் தொடங்கிய ‘பாடிவொர்க்ஸ்’ கண்காட்சி அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் சென்றது.

புகைப்படக் கலைஞர் இர்விங் பென், 1980களின் பிற்பகுதி முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக மியாக்கேயின் ஆடைகளைப் படமெடுத்தார். படப்பிடிப்பின்போது மியாக்கே அங்கே இருப்பதில்லை. ஆடையை அனுப்பிவிட்டு, பென் அதை எப்படிப் பார்க்கிறார் என்று படங்களின் வழியே அறிந்துகொள்வார். ஆடையை முடித்து வைப்பது அதைப் பயன்படுத்துபவர்தான் என்ற அவருடைய நம்பிக்கைக்கு இந்த ஒத்துழைப்பு ஓர் எடுத்துக்காட்டு.

இந்தக் காலத்திய படைப்புகள் அவருக்குக் கலையுலகில் பெரும் மதிப்பைத் தந்தன. ஆனால் மூங்கில் மேலங்கியை யாரும் அலுவலகத்துக்கு அணிந்து செல்ல முடியாது. 1968இல் எழுந்த கேள்விக்கு அவரிடம் இன்னும் விடை இல்லை.

மடிப்பின் தொழில்நுட்பம்

அந்த விடையைத் தேடி மியாக்கேயின் குழு 1988 முதல் மடிப்புகளை ஆராயத் தொடங்கியது. மடிப்பு ஆடை புதிதல்ல. ஸ்பெயினில் பிறந்து வெனிஸில் வாழ்ந்த மரியானோ ஃபோர்ட்டுனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டில் நுண்மடிப்புகள் கொண்ட ‘டெல்ஃபோஸ்’ ஆடையை உருவாக்கி, 1909இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டு நனைந்தால் மடிப்பு கலைந்துவிடும். அதைத் திரும்ப மடிக்க ஃபோர்ட்டுனியின் பட்டறைக்கே அனுப்ப வேண்டியிருந்தது. அது பணிப்பெண் வைத்திருப்பவர்களின் உடை.

மியாக்கே பாலியெஸ்டரை எடுத்துக்கொண்டார். வெப்பத்தில் ஒருமுறை பதிந்த மடிப்பை இந்த இழை விடாமல் பிடித்துக்கொள்ளும். அத்துடன் வேலையின் வரிசையையும் தலைகீழாக்கினார். வழக்கமான முறையில் துணியை முதலில் மடித்து, பிறகு வெட்டித் தைப்பார்கள். மியாக்கேயின் முறையில் ஆடை, அணியவேண்டிய அளவைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக முதலில் வெட்டித் தைக்கப்படுகிறது. பார்ப்பதற்கு அது பூதத்தின் சட்டை போல இருக்கும். பின்னர் அதைக் காகிதங்களுக்கு இடையே வைத்து வெப்ப அழுத்த எந்திரத்துக்குள் கையால் செலுத்துகிறார்கள். மடிப்புகள் பதியப் பதிய ஆடை சுருங்கி, மனித அளவுக்கு வந்துவிடுகிறது. தைத்த பிறகு மடிப்பதால், துணியும் மடிப்பும் வடிவமும் ஒரே பொருளாகின்றன.

1991இல் வில்லியம் ஃபோர்சைத்தின் ஃபிராங்க்ஃபர்ட் பாலே குழுவுக்கு மியாக்கே இத்தகைய ஆடைகளைத் தந்தார். தாவலிலும் சுழற்சியிலும் அவை உடலைத் தடுக்காமல் விரிந்து, அசைவு நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பின. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில், சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்ற லிதுவேனியாவின் வீரர்கள் மியாக்கே வடிவமைத்த மடிப்பு உடையணிந்து அணிவகுத்தனர். 1993இல் ‘பிளீட்ஸ் பிளீஸ்’ என்ற தனி வரிசை தொடங்கியது.

இந்த ஆடையை வீட்டிலேயே துவைக்கலாம். விரைவில் உலரும். இஸ்திரி தேவையில்லை. சுருட்டிப் பையில் வைக்கலாம். மடிப்புகள் நெகிழ்ந்து கொடுப்பதால் உடல் பெருத்தாலும் மெலிந்தாலும் பொருந்தும். பட்டன், ஜிப் போன்றவை இன்றித் தலைவழியே மாட்டிக்கொள்ளலாம். இளம் மாடலின் உடலை மட்டுமே மனத்தில் கொண்டு செய்யப்படும் உயர்நாகரிக ஆடைகளுக்கு நடுவே, வயதானவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் சமமாகப் பொருந்திய ஆடை இது. கட்டிடக் கலைஞர் சாஹா ஹதித் மியாக்கே ஆடைகளை விரும்பி அணிந்தவர்களில் ஒருவர்.

சீருடையும் கறுப்புப் பின்னலாடையும்

மியாக்கேயின் செல்வாக்கு தொழில்நுட்ப உலகிலும் பதிந்தது. 1981இல் சோனி நிறுவனத்தின் 35ஆம் ஆண்டு நிறைவையொட்டி அதன் ஊழியர்களுக்கு ஒரு மேலங்கியை வடிவமைத்தார். அதன் கைகளை ஜிப் மூலம் கழற்றினால் அது கையில்லா அங்கியாகிவிடும். சோனியைப் பார்வையிட்ட ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் இதை விரும்பி, தன் ஊழியர்களுக்கும் சீருடை செய்துதருமாறு மியாக்கேயிடம் கேட்டார். ஆப்பிள் ஊழியர்கள் அந்த யோசனையை ஏற்கவில்லை. ஜாப்ஸ் தனக்கென ஒரு சீருடையை வைத்துக்கொள்ள முடிவு செய்தார். மியாக்கே அவருக்குக் கழுத்தை மூடும் கறுப்புப் பின்னலாடைகளை ஏறக்குறைய நூறு செய்துகொடுத்தார். ஐபோன் அறிமுகம் உட்படப் பல நிகழ்வுகளில் உலகம் பார்த்த ஜாப்ஸின் தோற்றம் இவ்வாறு உருவானது. மியாக்கேயின் பெயரைக் கேள்விப்படாத பலரும் அவர் செய்த ஆடையைப் பார்த்திருக்கிறார்கள்.

நூலிலிருந்து நேரே ஆடை

1990களின் இறுதியில் மியாக்கே, பொறியியல் நோக்குடைய வடிவமைப்பாளர் தாய் ஃபுஜிவாராவுடன் சேர்ந்து ‘எ-பாக்’ என்ற முறையை உருவாக்கினார். ‘ஒரு துண்டுத் துணி’ என்பதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம் அது. கணினி கட்டுப்படுத்தும் பின்னல் எந்திரத்தில் ஒரு முனையில் நூல் நுழைகிறது. மறுமுனையில் குழாய் வடிவில் நீண்ட துணி வெளிவருகிறது. சட்டை, பாவாடை, தொப்பி, காலுறை ஆகியவற்றின் விளிம்புகள் அத்துணியிலேயே பின்னப்பட்டிருக்கும். வாங்குபவர் கத்தரிக்கோலால் கோட்டின் வழியே வெட்டினால் ஆடை தயார். வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. கையின் நீளத்தையோ கழுத்தின் அகலத்தையோ அணிபவரே தீர்மானிக்கலாம். இவ்வகையில் உருவான ‘எ-பாக் குயின்’ நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

தையலற்ற ஆடைக்கான தேடலில் மியாக்கே தனித்து இருக்கவில்லை. ஜப்பானின் ஷிமா செய்கி நிறுவனம் 1995இலேயே முழு ஆடையையும் ஒரே மூச்சில் பின்னும் எந்திரத்தை அறிமுகப்படுத்தியிருந்தது. இன்று விளையாட்டுக் காலணிகளிலும் பின்னலாடைகளிலும் பரவியுள்ள தையலற்ற பின்னலுக்கு ஒருவரை மட்டும் காரணம் காட்ட முடியாது. மியாக்கேயின் பங்களிப்பு, ஆலைத் தொழில்நுட்பமாக மட்டும் இருந்த ஒன்றை வடிவமைப்புச் சிந்தனையின் மையத்துக்குக் கொண்டுவந்ததாகும். துணியை வீணாக்காமல் ஆடை வரைவது எப்படி என்று இன்று வடிவமைப்புப் பள்ளிகளில் கற்பிக்கும்போது எ-பாக் முக்கியமான முன்னுதாரணமாகிறது.

2010இல் வெளியான ‘132 5.’ என்ற வரிசை இதன் தொடர்ச்சி. கணினி அறிவியலாளர் ஜுன் மித்தானியின் மடிப்புக் கணக்கீடுகளைப் பயன்படுத்தி, தட்டையான வடிவியல் உருவமாக மடியும் ஆடைகள் செய்யப்பட்டன. நட்சத்திரம் போல மேசையில் கிடப்பதைத் தூக்கினால் முழு அங்கியாக விரியும். இதற்கு மறுசுழற்சி செய்யப்பட்ட பாலியெஸ்டர் பயன்பட்டது.

கூடமும் வாரிசுகளும்

மியாக்கே தன் நிறுவனத்தைத் தனிமனிதக் கலைஞரின் பட்டறையாக நடத்தவில்லை. நெசவாளர், பொறியாளர், வரைகலைஞர் ஆகியோர் சேர்ந்து ஆராயும் கூடமாக நடத்தினார். 1990களிலேயே முதன்மை வரிசைகளின் பொறுப்பை நவோகி தகிசாவாவிடம் படிப்படியாக ஒப்படைத்துவிட்டு, ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தகிசாவாவுக்குப் பின் ஃபுஜிவாரா, யொஷியுகி மியாமாயே, சதோஷி கோந்தோ ஆகியோர் அப்பொறுப்பை ஏற்றனர். நிறுவனரின் காலத்திலேயே அடுத்த தலைமுறை உருவாகிவிட்டதால், அவர் மறைவுக்குப் பின்னும் வேலை தடைபடவில்லை.

அவரிடம் பணியாற்றிய கொசுகே த்சுமுரா, 1994இல் ‘ஃபைனல் ஹோம்’ என்ற மேலங்கியை வடிவமைத்தார். வீடிழந்த ஒருவருக்கு இறுதி வீடாக ஆடை இருக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தது அது. உடல் முழுவதும் உள்ள பைகளில் செய்தித்தாளைத் திணித்துக் குளிரைத் தாங்கலாம். மியாக்கேயின் ஆடையைத் தோற்றத்தில் அது சிறிதும் ஒத்திருக்கவில்லை. ஆனால் அவருடைய கேள்வி கேட்கும் முறையை அதில் காணலாம்.

கட்டிடக் கலைஞர் ததாவோ ஆந்தோ வடிவமைத்த ‘21_21 டிசைன் சைட்’ என்ற காட்சிக்கூடம் 2007இல் டோக்கியோவில் திறக்கப்பட்டது. இதை உருவாக்கியதிலும் மியாக்கேக்கு முதன்மையான பங்கு உண்டு. இரும்புத் தகடு மடிந்து தரையைத் தொடுவது போன்ற அதன் கூரை, ‘ஒரு துண்டுத் துணி’ என்ற கருத்தின் கட்டிட வடிவம். மியாக்கே 2006இல் கியோட்டோ பரிசையும், 2010இல் ஜப்பானின் பண்பாட்டு ஆணை விருதையும் பெற்றார்.

விமர்சனங்கள்

எல்லாருக்குமான ஆடை என்ற இலக்கை மியாக்கே முழுமையாக எட்டினார் என்று சொல்ல முடியாது. பிளீட்ஸ் பிளீஸ் ஆடைகள் பாரிஸின் அளவெடுத்துத் தைத்த ஆடைகளைவிடப் பன்மடங்கு விலை குறைந்தவை. ஆயினும் ஜீன்ஸைப் போல அனைவருக்கும் எட்டும் விலையில் அவை ஒருபோதும் விற்கப்படவில்லை. இன்று சாதாரண மக்கள் அணியும் நுண்மடிப்பு ஆடைகளில் மிகப் பெரும்பகுதி, பிறர் மலிவாகச் செய்த நகல்களே.

இரண்டாவது விமர்சனம் இழையைப் பற்றியது. பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. அது எளிதில் மக்காது. துவைக்கும்போது நுண்ணிழைகளை நீரில் கலக்கும். மடிப்பை நிலைநிறுத்திய அதே குணம் சூழலுக்குச் சுமையாகவும் ஆகிறது. மறுசுழற்சி இழைக்கு மாறிய 2010ஆம் ஆண்டு முயற்சி, மியாக்கேயின் கூடம் இச்சிக்கலை உணர்ந்திருந்ததைக் காட்டுகிறது. மறுசுழற்சி பாலியெஸ்டரும் நுண்ணிழையை உதிர்க்கும் என்பதால் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. மறுபுறம், இஸ்திரி இல்லாமல், எளிதில் நைந்துபோகாமல், உடல் மாறினாலும் பொருந்தி, பல ஆண்டுகள் அணியப்படும் ஆடை, அடிக்கடி வாங்கி எறியப்படும் ஆடையைவிட மேலானது என்ற வாதமும் உண்டு.

மதிப்பீடு

இஸ்ஸே மியாக்கே 2022 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் கல்லீரல் புற்றுநோயால் தன் 84ஆம் வயதில் காலமானார். மறுநாள் ஹிரோஷிமா நினைவு நாள்.

ஒரு வடிவமைப்பாளரின் செல்வாக்கை இரண்டு வழிகளில் அளக்கலாம். அவருடைய வடிவங்களை எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்பது ஒன்று. அவருடைய கேள்விகளை எத்தனை பேர் தொடர்ந்து கேட்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் அளவில் மியாக்கேயின் மடிப்பு உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டது. ஒருநாள் அந்தப் பாணி பழையதாகலாம். இரண்டாவது அளவில் அவருடைய இடம் உறுதியானது. துணியை வெட்டாமல் ஆடை செய்ய முடியுமா, ஓர் ஆடை எல்லா உடலுக்கும் பொருந்துமா, அணிபவருக்கு அதை முடிக்கும் உரிமை உண்டா என்று அவர் கேட்டார். கழிவும் அளவும் விலையும் ஆடைத்தொழிலின் சிக்கல்களாக இருக்கும்வரை இக்கேள்விகள் பழையவை ஆகா. வடிவமைப்பில் ஆடைக்கு ஏன் இடமில்லை என்று 1960இல் ஒரு மாணவர் எழுதிய கடிதத்துக்கு, அதே மாணவர் அறுபது ஆண்டுகள் தன் வேலையின் வழியாகப் பதில் எழுதினார்.